ஆதி மனிதன் மீது ஒரு பொய் வழக்கு

எங்காவது ஒரு கலவரமோ கூட்டுக் கொலையோ நடந்து ஓய்ந்தால் போதும், அந்தக் கருத்து தலைகாட்டிவிடும். தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டபடி சொல்வார்: "என்னதான் நாகரிகம் வந்தாலும் மனுஷன் அடிப்படையில ஒரு வேட்டை மிருகம்தானே சார்!" மறுநாள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அதுவே கொஞ்சம் அலங்காரத்தோடு வரும். குகை வாசலில் எலும்புத் தடியோடு நின்ற மூதாதை, அவன் ரத்தம் இன்னும் நம் நரம்பில் ஓடுகிறது, போர் நம் விதி என்று. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கட்சி வேறுபாடு இல்லாமல் தலையாட்டுவார்கள். இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அறிவியல் எப்போதோ நிரூபித்துவிட்ட சங்கதி என்ற நினைப்பு.

அறிவியல் அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. நிரூபித்துவிட்டதாக ஒருவர் சொன்னார். பிறகு இன்னொருவர் வந்து, ஆண்டுக்கணக்கில் எலும்பு எலும்பாகப் பொறுக்கிப் பார்த்து, அது தப்பு என்று காட்டினார். முன்னவர் ரேமண்ட் டார்ட், பின்னவர் சி.கே. பிரெய்ன். இருவருமே தென்னாப்பிரிக்காவில் வேலை செய்தவர்கள். டார்ட்டின் கதை சினிமா வரை போனது. பிரெய்னின் மறுப்பு பல்கலைக்கழக நூலகத்தைத் தாண்டவில்லை.

டார்ட்டை லேசாக எடைபோட முடியாது. ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஜோஹானஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்தவர். 1924-ல் டவுங் என்ற இடத்துச் சுண்ணாம்புக் குவாரியிலிருந்து வந்த ஒரு பாறைத் துண்டுக்குள் குழந்தையின் மண்டையோடு இருப்பதைக் கண்டவர். அடுத்த ஆண்டு அதற்கு ஆஸ்ட்ரலோபித்தேக்கஸ் ஆப்ரிக்கானஸ் என்று பெயரிட்டு, மனித குலத்தின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்று எழுதினார். லண்டன் பெரியவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. இங்கிலாந்தில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட பில்ட்டவுன் மண்டையோட்டை நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1953-ல் பில்ட்டவுன் மோசடி என்று அம்பலமானது. டார்ட் சொன்னதே சரி என்றானது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1953-ல்தான் டார்ட் தன் பெரிய தவறையும் அச்சில் ஏற்றினார். குரங்கு நிலையிலிருந்து மனித நிலைக்கு வந்ததே கொன்று தின்னும் பழக்கத்தால்தான் என்ற கட்டுரை அது. நம் மூதாதைகள் உயிருள்ள இரையை அடித்துப் பிடித்து, கிழித்து, சூடான ரத்தத்தைக் குடித்தவர்கள் என்று ஒரு உடற்கூறியல் பேராசிரியர் எழுதினால் யார்தான் மறப்பார்கள்?

ஆதாரமாக அவர் காட்டியது மகபன்ஸ்காட் என்ற சுண்ணாம்புக் குகை. 25, 30 லட்சம் ஆண்டு பழைய படிவங்களிலிருந்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளை அவர் குழு அடையாளம் கண்டிருந்தது. பெரும்பாலும் இரலை மான்களின் எலும்புகள். கூடவே சில ஆஸ்ட்ரலோபித்தேக்கஸ்களின் எலும்புகளும் இருந்தன. டார்ட் அவற்றை உறுப்பு உறுப்பாக எண்ணிப் பார்த்தார். முன்னங்காலின் மேல் எலும்பில், முழங்கை மூட்டுப் பக்கத்து முனைகள் குவிந்து கிடந்தன. தோள் பக்கத்து முனைகள் அதில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தன. மண்டையோடுகளும் கழுத்து எலும்புகளும் நிறைய, வால் எலும்புகள் மிகக் குறைவு. இயற்கை இப்படி ஓரவஞ்சனை செய்யுமா? செய்யாது, யாரோ தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். கனத்த முனையுள்ள கை எலும்பு தண்டாயுதம். தாடை எலும்பு ரம்பம். கொம்பு குத்துவாள். மண்டையோடுகள் வெற்றிச் சின்னங்கள். வால் எங்கே என்றால், சாட்டையாகவும் சைகை காட்டவும் வெளியே எடுத்துப் போயிருப்பார்கள்!

எலும்பு, பல், கொம்பு ஆகியவற்றால் ஆன ஒரு பண்பாடு என்று இதற்கு அவர் நீளமான பெயரும் சூட்டி 1957-ல் தனி நூலாகவே வெளியிட்டார். கூடவே பபூன் குரங்குகளின் மண்டையோடுகளில் இருந்த பள்ளங்களையும் காட்டினார். அவை தண்டாயுத அடிகளாம். சில எலும்புகள் கறுத்திருந்ததைப் பார்த்து, இவர்கள் தீயும் மூட்டினார்கள் என்று நம்பி, மகபன்ஸ்காட் இனத்துக்கு ப்ரொமீத்தியஸ் என்று பெயர் வைத்திருந்தார். அந்தக் கறுப்பு மாங்கனீசுக் கறை என்று பிறகு தெரியவந்தது.

முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவர் டார்ட். இரண்டாம் போர் முடிந்த கையோடு மகபன்ஸ்காட் எலும்புகளை எடுத்துப் பார்த்தவர். இரண்டு உலகப் போர்களைக் கண்ட தலைமுறைக்கு, மனிதன் ஏன் இப்படி என்ற கேள்விக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. கிறிஸ்தவ உலகம் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த ஆதிப்பாவக் கதை, இந்த முறை எலும்பு வடிவில் வந்தது. இதைச் சொல்வதால் டார்ட்டின் வாதம் தப்பு என்றாகிவிடாது. அது ஏன் அவ்வளவு சுலபமாகச் செல்லுபடியானது என்பது மட்டும் புரியும்.

தப்பு எங்கே என்று காட்டியவை ஆடுகள்.

பிரெய்ன் 1931-ல் இன்றைய ஹராரேயில் பிறந்தவர். பிரிட்டோரியாவின் டிரான்ஸ்வால் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்து, பின்னாளில் அதன் இயக்குநரானவர். 1960-களின் நடுவில் அவர் நமீப் பாலைவனத்தில் கோபபெப் பகுதிக்குப் போனார். அங்கே குய்செப் ஆற்றுப்படுகை ஓரமாக டொப்நார் மக்களின் சின்னச் சின்ன ஊர்கள். ஆடுதான் அவர்கள் சொத்து, ஆடுதான் சாப்பாடு. ஆட்டை அறுத்துச் சமைத்து, எலும்பை உடைத்து மஜ்ஜையை உறிஞ்சி, மிச்சத்தை வீசுவார்கள். நாய்கள் அதைக் கடித்துத் துப்பும். மீதி மணலில் வெயில் காயும். வேறு யாரும் எடுப்பதில்லை, எதையும் தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவதும் இல்லை. முழு ஆடு உள்ளே போகிறது, எது மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

பிரெய்ன் அந்த எலும்புகளைச் சேகரித்து எண்ணினார். முன்னங்காலின் மேல் எலும்பில், முழங்கைப் பக்க முனைகள் ஏராளமாக மிஞ்சியிருந்தன. தோள் பக்க முனை ஏறக்குறைய ஒன்றுகூட இல்லை. வால் எலும்பு காணோம். மகபன்ஸ்காட் பட்டியலை யாரோ நகலெடுத்து வைத்த மாதிரி இருந்தது.

காரணம் எந்தக் கசாப்புக்கடைக்காரருக்கும் தெரிந்ததுதான். ஆட்டுக்கு முழங்கைப் பக்க முனை ஒரு வயதுக்குள்ளேயே இறுகி, கெட்டிப்பட்டுவிடும். தோள் பக்க முனை இறுக மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை அது குருத்தெலும்பும் பஞ்சு போன்ற எலும்பும்தான், நாய்க்கு நல்ல தீனி. வால் எலும்போ பொடிசு, ஒரே கடியில் போய்விடும். ஆக, டார்ட் ஆயுதக் கிடங்கு என்று நினைத்தது கடிவாய்க்குத் தப்பிய மிச்சம். தேர்ந்தெடுத்தது கை அல்ல, பல். குகையில் நாய்க்குப் பதிலாகக் கழுதைப்புலி. பின்னர் மகபன்ஸ்காட் எலும்புகளைத் திரும்ப ஆராய்ந்தவர்கள் கழுதைப்புலி, முள்ளம்பன்றி ஆகியவற்றின் பல் தடங்களை அவற்றில் கண்டார்கள்.

ஒரு உயிர் செத்த நொடியிலிருந்து அதன் எலும்பு அருங்காட்சியகம் வந்து சேரும்வரை என்னென்ன நேர்கிறது என்று ஆராய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதற்கு 1940-ல் பெயர் வைத்தவர் எஃப்ரெமோவ் என்ற சோவியத் புதைபடிவ ஆய்வாளர். அவர் அறிவியல் புனைகதை எழுத்தாளரும்கூட. ஆனால் ஆப்பிரிக்கக் குகைகளுக்கு அந்தத் துறையை முழுசாகப் பொருத்திக் காட்டியது பிரெய்ன்தான்.

அதை அவர் செய்த இடம் ஸ்வார்ட்கிரான்ஸ், ஜோஹானஸ்பர்க்குக்குப் பக்கத்தில் உள்ள ஒரு டோலமைட் குகை. 1965-ல் தொடங்கி இருபதாண்டுக்கும் மேல் அங்கே தோண்டினார். முதல் சில ஆண்டுகள் சுண்ணாம்பு வெட்டியவர்கள் வீசிப்போன இடிபாடுகளைச் சலித்துப் பிரிப்பதிலேயே போயின. நிதி கொடுப்பவர்கள் இன்றைக்கு இதைப் பொறுப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஸ்வார்ட்கிரான்ஸில் 1949-லேயே கிடைத்து எஸ்.கே. 54 என்று எண்ணிடப்பட்டிருந்த ஒரு மண்டையோட்டுத் துண்டு உண்டு. பராந்த்ரோபஸ் என்ற மனிதக் கிளையினத்துப் பிள்ளை ஒன்றின் பின்மண்டை. வயது ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டு. அதில் இரண்டு துளைகள், இரண்டுக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி. டார்ட்டின் கொலைகாரக் குரங்குக் கதையை நம்புகிறவர் இதைக் கூரான ஆயுதக் குத்து என்றுதான் படிப்பார். பிரெய்ன் அதே குகையில் கிடைத்த சிறுத்தைத் தாடை ஒன்றை எடுத்தார். அதன் கீழ்க் கோரைப்பற்கள் இரண்டையும் துளைகளில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின.

சிறுத்தை இரையை மரத்தின் மேல் ஏற்றிவைத்துத் தின்னும். அந்தப் பொட்டல் மேட்டு நிலத்தில் மரம் செழிப்பதே குகைத் துவாரங்களின் விளிம்பில்தான், ஈரம் இருப்பதும் காட்டுத் தீ எட்டாததும் அங்குதான். மேலே உட்கார்ந்து சிறுத்தை தின்னும், எலும்பு கீழே குழிக்குள் விழும். குழிக்குள் மனிதக் கிளையினத்து எலும்புகள் ஏன் அத்தனை கிடந்தன என்பதற்கு இதுவே போதும், ஆயுதக் கதை எதுவும் தேவைப்படவில்லை. சிறுத்தை மனிதரை இரையாகக் கொள்ளுமா என்ற ஐயம் நம் ஊர்க்காரர்களுக்கு வராது. ருத்ரப்பிரயாகில் ஒற்றைச் சிறுத்தை 1918-லிருந்து 1926 வரை 125 பேரைக் கொன்றதாகக் கணக்கு. வால்பாறைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் அந்திக்குப் பிறகு பிள்ளைகளை வெளியே விடாததற்கும் காரணம் அதுதான்.

இந்த ஆராய்ச்சி முழுவதையும் தொகுத்து 1981-ல் பிரெய்ன் வெளியிட்ட நூலின் தலைப்பே, வேட்டையாடியவர்களா வேட்டையாடப்பட்டவர்களா என்ற கேள்விதான். 1957-லேயே அமெரிக்க மானுடவியலாளர் ஷெர்வுட் வாஷ்பர்ன் அதே கேள்வியை ஒரு கட்டுரைத் தலைப்பாக வைத்திருந்தார். பிரெய்ன் சொன்ன எல்லாமே நிலைத்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டைனோஃபெலிஸ் என்ற அழிந்துபோன பூனை மனிதக் கிளையினங்களையே குறிவைத்துத் தின்றிருக்கலாம் என்று அவர் ஊகித்தார். பிற்பாடு அதன் பல்லில் செய்த ஐசோடோப் சோதனை, அது புல்மேயும் விலங்குகளையே தின்றதாகக் காட்டியது. இரை தின்றவர் பெயர் மாறியது, இரையாகப் போனவர் மாறவில்லை.

டார்ட்டின் சொந்தக் கண்டுபிடிப்பே அவருக்கு எதிராகத் திரும்பியதுதான் உச்சம். 1995-ல் லீ பெர்கர், ரான் கிளார்க் என்ற ஆய்வாளர்கள் டவுங் குழந்தையைக் கொன்றது ஒரு பெரிய கழுகு என்று வாதிட்டார்கள். அப்போது நம்பாதவர்கள் பலர். பிறகு மேற்கு ஆப்பிரிக்காவின் தாய் என்ற காட்டில், கழுகுக் கூடுகளுக்கு அடியில் விழுந்து கிடந்த குரங்கு மண்டையோடுகளை வேறொரு குழு ஆராய்ந்தது. அவற்றின் கண்குழிகளில் அலகும் நகமும் விட்ட துளைகள் எப்படி இருக்கும் என்று அதனால் தெரிந்தது. 2006-ல் பெர்கர் டவுங் மண்டையோட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, கண்குழிகளில் அதே துளைகள் இருந்தன. கொலைகாரர் பரம்பரைக்கு முதல் சாட்சியாக நிறுத்தப்பட்ட பிள்ளை கழுகுக்கு இரையான பிள்ளை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இவ்வளவு இருந்தும் பொதுப்புத்தி ஏன் மாறவில்லை? ராபர்ட் ஆர்ட்ரே என்ற அமெரிக்க நாடகாசிரியர் 1955-ல் ஜோஹானஸ்பர்க்கில் டார்ட்டைச் சந்தித்தார். 1961-ல் வந்த அவருடைய 'ஆப்ரிக்கன் ஜெனிசிஸ்' சக்கைப்போடு போட்டது. ஆளுக்குப் பேனா ஓடும், ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதிப் பழகிய கை. ஏழு ஆண்டு கழித்து ஸ்டான்லி குப்ரிக்கும் ஆர்தர் கிளார்க்கும் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தில், ஒரு குரங்கு மனிதன் எலும்பைக் கையில் எடுத்து எதிரியை அடித்துக் கொல்கிறான். எலும்பு வானில் சுழன்று விண்கலமாகிறது. சினிமா வரலாற்றில் அதைவிட அழகான வெட்டு இல்லை என்பார்கள். அழகு வேறு, உண்மை வேறு. அந்த ஒரு காட்சிக்கு முன்னால் ஆட்டு எலும்பு எண்ணிக்கை அட்டவணை எம்மாத்திரம்!

கொலைவெறிக் கட்சியின் இன்றைய வக்கீல்கள் டார்ட்டைக் கைகழுவிவிட்டு வேறு சாட்சிகளைக் கொண்டுவருவார்கள். அவற்றையும் பார்த்துவிடலாம்.

முதல் சாட்சி, வெட்டுத் தடம். எத்தியோப்பியாவில் 25 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய விலங்கு எலும்புகளில் கல் கருவியால் சதையைச் சீவிய கீறல்கள் உண்டு. ஆம், நம் மூதாதைகள் கறி தின்றார்கள். கறி தின்பதற்கும் சக மனிதரைக் கொல்வதற்கும் என்ன உறவு? டார்ட் செய்த முதல் கோளாறே வேட்டையையும் கொலையையும் ஒன்றாக்கியதுதான். அந்த மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் இன்னும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சரி, மனித எலும்பிலேயே வெட்டுத் தடம் இருக்கிறதே? இருக்கிறது. ஸ்பெயினின் அட்டபுவெர்காவில், கிரான் டொலினா குகையில் 8 லட்சம் ஆண்டுக்கு முந்திய எலும்புகளில் இருக்கிறது. கென்யாவில் கிடைத்த 14.5 லட்சம் ஆண்டு பழைய கணைக்கால் எலும்பு ஒன்றிலும் அத்தகைய தடங்கள் இருப்பதாக 2023-ல் அறிவித்தார்கள். சதையைச் சீவினார்கள் என்று மட்டும் அவை சொல்கின்றன. கொன்றவர் யார் என்ற கேள்விக்குக் கென்ய எலும்பில் விடையே இல்லை.

அடுத்தது சிம்பன்சி. தான்சானியாவின் கோம்பேயில் 1974-லிருந்து நான்கு ஆண்டுகள் ஒரு சிம்பன்சிக் கூட்டம் பிரிந்துபோன பக்கத்துக் கூட்டத்தை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கட்டியதை ஜேன் குடாலின் குழு பதிவுசெய்தது. மறுக்க முடியாத உண்மை. ஆனால் நமக்கு அதே அளவு நெருங்கிய உறவான பொனோபோவிடம் அப்படிப்பட்ட கூட்டுக் கொலை பதிவாகவில்லை. பெரியப்பா மகன் ரவுடி, சித்தப்பா மகன் சாது என்றால் நம் தாத்தா எப்படிப்பட்டவர் என்று எதை வைத்துச் சொல்வது?

மூன்றாவது சாட்சிதான் கனமானது. ஸ்பெயினில் சிமா தெ லோஸ் உவேசோஸ் குழியில் 4,30,000 ஆண்டு பழைய மண்டையோடு ஒன்றில் நெற்றிக்கு மேல் அடுத்தடுத்து இரண்டு அடிகள், ஒரே ஆயுதம் போலிருக்கிறது. அது கொலை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சூடானின் ஜெபல் சஹாபா இடுகாட்டில் 13,000 ஆண்டுக்கு முன் புதைக்கப்பட்ட 61 பேரில் பெரும்பாலோர் உடலில் அம்பும் ஈட்டியும் பட்ட காயம். பல காயங்கள் ஆறியிருப்பதால், ஒரே நாள் போர் அல்ல, திரும்பத் திரும்ப நடந்த தாக்குதல் என்று 2021-ன் மறு ஆய்வு சொல்கிறது. கென்யாவின் நதருக்கில் ஏறத்தாழ 10,000 ஆண்டு முன் ஒரு கூட்டமே கொன்று சாய்க்கப்பட்டிருக்கிறது.

மனிதர் மனிதரைக் கொன்றிருக்கிறார்கள், பழங்காலத்திலும் கொன்றிருக்கிறார்கள். அதை மறுக்கிறவன் பிரெய்னின் பெயரைச் சொல்லிக்கொள்ளத் தகுதியற்றவன். மனிதன் பிறவியிலேயே சாது என்று எதிர்ப்பக்கம் ஓடுவதும் அதே ரகக் கற்பனைதான். ஆனால் தேதிகளைப் பார்க்க வேண்டும். ஜெபல் சஹாபாவும் நதருக்கும் பனியுக முடிவை ஒட்டியவை. ஆறும் ஏரியும் சுருங்கி விரிந்து, நல்ல இடத்துக்கு நெருக்கடி வந்த காலம். அங்கிருந்து பின்னோக்கி 30 லட்சம் ஆண்டுக்குத் தாவி, ஆதியிலிருந்தே இப்படித்தான் என்று சொல்ல நடுவில் இருக்கும் எலும்பு போதாது.

எண்ணிக்கை வேண்டுமானால் 2016-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் 1,024 பாலூட்டி இனங்களை ஒப்பிட்டுப் போட்ட கணக்கு இருக்கிறது. நம் வம்சாவளியை மட்டும் வைத்து மதிப்பிட்டால், மனித இனத்தின் தொடக்கத்தில் நூறு சாவில் ஏறத்தாழ இரண்டு சக மனிதர் கையால் நேர்ந்திருக்கலாம் என்றது அது. சட்டென்று பத்திரிகைகள் 'கொலை நம் ரத்தத்தில்' என்று தலைப்புப் போட்டன. அதே கட்டுரையில், அரசும் சமூக அமைப்பும் மாற மாற இந்த விகிதம் மேலும் கீழும் பெரிதாக அலைந்தது என்றும் இருந்தது. அது தலைப்பாகவில்லை. மீர்கட் என்ற கீரிக் குடும்பத்துப் பிராணியில் ஐந்து சாவில் ஒன்று சொந்த இனத்தின் கையால் நேர்வதாக அதே பட்டியல் சொல்கிறது. குழந்தைகள் படம் ஒன்றில் பாட்டுப் பாடுவதும் அதே பிராணிதான்.

ஜார்ஜியாவின் த்மனிசியில் 17.7 லட்சம் ஆண்டு முந்திய ஒரு மண்டையோடு கிடைத்தது. ஒரு பல்லைத் தவிர மற்றவை எல்லாம் விழுந்து, பல்குழிகள் தூர்ந்துபோன முதிய ஆள். பல் போன பிறகும் சில ஆண்டு உயிரோடிருந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் மென்மையான உணவு கொடுத்துப் பார்த்துக்கொண்டார்களா, தானே சமாளித்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நடுப்பக்கக் கட்டுரைகளில் ஒருபோதும் இடம்பெறாத ஆள் அவர்.

இதற்கெல்லாம் என்ன அவசரம், பழைய எலும்புச் சண்டைதானே என்று கேட்கலாம். போர் மனித இயல்பு என்ற முடிவை எலும்பின் பெயரால் சொல்லும்போது, போரைத் தொடங்கியவர்களின் பொறுப்பு கரைந்துபோகிறது. கலவரத்துக்கு ஆள் திரட்டியவர், லாரி ஏற்பாடு செய்தவர், கண்டும் காணாமல் நின்ற அதிகாரி எல்லோரும் 30 லட்சம் ஆண்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறார்கள். 1986-ல் செவில் நகரில் கூடிய அறிவியலாளர்கள், போர் நம் உயிரியலில் எழுதப்பட்டது என்பது அறிவியல்படி சரியல்ல என்று ஒரு அறிக்கை வெளியிட்டதும், யுனெஸ்கோ பிறகு அதை ஏற்றதும் இந்த ஒளிவுமறைவைப் பார்த்துத்தான்.

டார்ட் 1988-ல், 95 வயதில் இறந்தார். மூதாதைகள் எலும்பைக் கருவியாக்கினார்கள் என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதும் அந்த ஸ்வார்ட்கிரான்ஸிலிருந்தே தெரியவந்தது. அங்கே முனை மழுங்கி, வழவழப்பாகத் தேய்ந்த எலும்புக் கருவிகளைப் பிரெய்ன் பொறுக்கியெடுத்தார். கிழங்கு தோண்டியதால் வந்த தேய்மானம் என்று கருதி, தானே எலும்பால் கிழங்கு தோண்டிப் பார்த்தார். 2001-ல் லுசிண்டா பேக்வெல், பிரான்செஸ்கோ தெரிக்கோ என்ற ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் அந்தக் கீறல்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நீளவாக்கில் இணையாக ஓடும் மெல்லிய கீறல்கள். கிழங்கு தோண்டிய எலும்பைவிட, கரையான் புற்றைக் கிளறிய எலும்பின் கீறல்களோடுதான் அவை ஒத்துப்போயின.